சதுரத்துக்குள் ஒரு கால்

கிரான்யா ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நின்றவர்கள் அவளுடைய அப்பாவின் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதயமாம். யாரு சொன்னா இதயம்னு? அந்த விசில்தான் மேட்டியக் கொன்னுச்சு."

"விசில் இல்லப்பா. ரெண்டு கொடியையும் குறுக்க வச்சு ஆட்டினானே, அங்கயே மனுஷன் பாதி செத்துட்டான்."

"ஆட்டினது யாரு? மாலக்கியோட மச்சான் ஃபான்ஸி. குளியலறைக்குள்ள பசு மாடு நின்னாக்கூட அவன் கண்ணுக்குத் தெரியாது. அவனைக் கூட்டிட்டு வந்து கவுன்டி ஃபைனலுக்குக் கோல் கம்பத்துக்கிட்ட அம்பயரா நிறுத்தியிருக்கான் அந்த ரெஃபரி."

கிரான்யா கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்று வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த டெல்லா, அடுத்த வீட்டுக்காரி, அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"விடு பொண்ணே. இவனுங்களுக்கு அழத் தெரியாது. மேட்ச் பேசத்தான் தெரியும்."

"அழத் தெரியலன்னா வாயை மூடிட்டு நிக்கலாம்ல."

"அதுவும் தெரியாது" என்றாள் டெல்லா. "ஹாம் இன்னும் இருக்கா பாரு. நாப்பது பேர் வந்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மேட்ச், கையாலும் காலாலும் ஆடுகிற ஐரிஷ் கால்பந்து. திங்கட்கிழமை காலையில் மாடுகளுக்குத் தீவனம் வைக்கப் போன மேட்டி காஃப்னி திரும்பி வரவில்லை. அம்மா போய்ப் பார்த்தபோது கொட்டகை கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், யாருக்காகவோ காத்திருப்பவர் மாதிரி. இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம். முன்னறையில் பெட்டிக்குள், கிரான்யா பட்டம் வாங்கிய நாளுக்கென்று வாங்கிய சாம்பல் நிறக் கோட்டோடு படுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் அவள். அன்றைக்கு அந்தக் கோட்டு அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. போட்டுவிடுவதற்காகச் சவ அடக்கக்காரர் அதன் முதுகுப் பக்கத்தை வெட்டிவிட்டிருப்பார். அதை நினைத்தாலே அவளுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் கோபம் ஒன்றுதான் அவளை நிற்க வைத்திருந்தது.

பெட்டியின் கால்மாட்டில் அவள் தம்பி ரோனன் நின்றான். இருபத்திரண்டு வயது, கதவு நிலை அளவு உயரம். துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாக அவன் கையைக் குலுக்கி, காலங்காலமாகச் சொல்வதையே சொன்னார்கள்.

"உன் கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தம்பா."

எந்தக் கஷ்டம் என்று சொல்லவில்லை. சிலர் கையை விடாமல் ஒரு வினாடி கூடப் பிடித்திருந்து, குரலைத் தாழ்த்தி, "ரெண்டு கஷ்டத்துக்கும்" என்றார்கள். ரோனன் தலையாட்டினான். அந்தக் கோல் அவனுடையது. கடைசி நிமிடத்தில், அவர்கள் ஊர் கிளோனாரா ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது, தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் உயர்ந்து வந்து கோல் வாயில் இறங்கியது. ரோனன் எழும்பி முஷ்டியால் குத்தி உள்ளே போட்டான். கோல் என்று பச்சைக் கொடி ஏறியது. ஊரே மைதானத்துக்குள் ஓடியது. அப்புறம்தான் நடுவர் மாலக்கி பிரீன் ஃபான்ஸியிடம் நடந்துபோய்ப் பேசினார். பச்சைக் கொடியும் வெள்ளைக் கொடியும், கோல் ரத்து என்று, குறுக்கே ஏறின. பந்து வருவதற்கு முன்பே ரோனன் கோல் வாய்க்கு முன்னால் கோடு போட்ட சின்னச் சதுரத்துக்குள் இருந்தான், அது விதிக்கு விரோதம் என்று. கோல் இல்லை. கோப்பை எதிரணி ஆர்ட்கில்லுக்குப் போனது.

ஜார்லத் சமையலறைக்குள் வந்தார். தீவனக் கடைக்காரர், ஊர் விளையாட்டுச் சங்கத்தின் தலைவர். கையில் தொப்பி, தொப்பிக்குள் ஒரு சாண்ட்விச்.

"கிரான்யா, ஒரு நிமிஷம் இருக்கா? உன் கஷ்டத்துக்கு வருத்தம். காலையிலயும் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"இப்போ ஒரு உதவி வேணும். ஆட்சேபணை போடறோம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கவுன்டி போர்டு கையில இருக்கணும். போன தடவை நாங்களே எழுதினோம். பேப்பர் விதிப்படி அயர்லாந்துல செஞ்சது இல்லன்னு தூக்கி எறிஞ்சுட்டாங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னுகூடப் படிக்கல. இந்தத் தடவை பேப்பர் சரியா வாங்கி வச்சுட்டேன். நீ சட்டம் படிச்ச பொண்ணு. வாசகம் நீ எழுதிக் குடு."

"என்ன வாசகம்?"

"உங்கப்பா அந்தக் கோலுக்கு நேர் பின்னாடி நின்னாரு, சரியா? முப்பது வருஷமா இதே மாலக்கிக்கு அம்பயரா நின்ன மனுஷன். நம்ம டீம் ஃபைனலுக்கு வந்ததாலதான் அம்பயரோட வெள்ளைக் கோட்டைப் போடாம ஒதுங்கினாரு. அவருக்குப் பதிலாத்தான் அந்தக் குருட்டுப் பய. இத்தனையும் எழுது. எழுதிட்டு, கோல் நல்ல கோல்தான்னு மேட்டி காஃப்னி சாகறதுக்கு முன்னாடி சொன்னார்னு முடி. செத்தவர் வார்த்தையை எந்தப் போர்டும் தட்டாது."

"உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

"சொல்லணுமா? முகத்தைப் பார்த்தேனே. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு."

"வெளுத்திருந்தது இதயத்தால. ஆறு வாரமா அப்படித்தான் இருந்தார். ஃபைனல் முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட வரேன்னு தள்ளிப் போட்டார்."

"அதேதான் நானும் சொல்றேன்! அந்த நிலைமையில இருக்கற மனுஷன் முன்னாடி அப்படி ஒரு அநியாயம் பண்ணினா..." ஜார்லத் சாண்ட்விச்சைக் கடித்தார். "நாளைக்குக் கல்லறையில நான் பேசணும். அங்கயும் இதைச் சொல்லப்போறேன். உங்கப்பாவுக்கு அது பெருமைதான்."

கிரான்யா மறுபடி கத்தியை எடுத்து ரொட்டியை வெட்டினாள். பதில் சொன்னால் சத்தமாகத்தான் வரும், முன்னறையில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டியவள் அவள். மைதானத்துக்கு வெளியே எல்லாரும் ஹார்ன் அடித்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டாமல் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்கு வெளியே பார்த்து, "உள்ள இருந்தான்" என்றார்.

"யாரு?"

"நம்ம பய. சதுரத்துக்குள்ள ஒரு கால் இருந்துச்சு. ஃபான்ஸி அதைப் பார்த்தான், மாலக்கி கேட்டான். ஊரே உள்ள ஓடி வந்த பிறகு போய்க் கேட்டான் பாரு, அதுக்கு நெஞ்சு வேணும்." கொஞ்சதூரம் போனதும், "அவன்கிட்ட இப்பவே சொல்லாத. பையன் நொந்துபோயிருக்கான். நாளைக்கு மாட்டைப் பார்த்துட்டு வந்து நானே சொல்றேன்" என்றார்.

மாட்டைப் பார்த்துவிட்டு வரவில்லை. சொல்ல வேண்டியது இப்போது அவளிடம் இருந்தது. இரண்டு நாளாக ரோனன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான்: "அப்பா கார்ல என்ன சொன்னார்?" களைப்பாக இருந்தார் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கோல் நல்லது என்று நம்பியபடியே அப்பா போய்விட்டார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நேராக நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்போது ஜார்லத் அதையே ஒரு தாளில் எழுதி, அப்பாவின் பெயரைக் கீழே போடச் சொல்கிறார். வெள்ளைக் கோட்டை மாட்டினால் சொந்தத் தங்கை மகன் அடித்த பந்துக்கும் வெளியே என்று கையை விரித்துக் காட்டியவர் அப்பா. அதற்காக இரண்டு கிறிஸ்துமஸ் அந்தத் தங்கை இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

முற்றத்தில் பேச்சு நின்றது. ஒரேயடியாக நின்றது. டெல்லா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அடக் கடவுளே" என்றாள். "மாலக்கி வரான்."

வண்டியை எங்கோ ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். உயரமான ஆள், அறுபது வயது, கறுப்பு டை. முற்றத்தில் யாரும் தலையசைக்கவில்லை. வழி மட்டும் விட்டார்கள். சாவு வீட்டு வாசலை யாரும் மறிக்க முடியாது, நடுவராக இருந்தாலும்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். காலையிலிருந்து யாருக்கும் எழாதவள். "மாலக்கி, எங்க போயிருந்த நீ? உனக்காகத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"வரலாமான்னு தெரியல, நோரீன்."

"வராம?"

அவர் அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பெட்டியருகே போய், குனிந்து, அப்பாவின் மடித்த கைகள் மேல் தன் கையை வைத்தார். ஏதோ முணுமுணுத்தார். கடைசி வார்த்தைகள் மட்டும் கிரான்யாவுக்குக் கேட்டன: "...கம்பத்துக்கிட்ட நீ இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு, மேட்டி." நிமிர்ந்து, கால்மாட்டுக்கு நகர்ந்து, ரோனனிடம் கையை நீட்டினார்.

"உன் கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தம், ரோனன்."

ரோனன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. முப்பது பேர் நிற்கிற அறையில் யாரோ தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம். கதவோரத்திலிருந்து ஜார்லத், "கஷ்டத்தைக் குடுத்தவனே வந்து வருத்தம்ங்கறான். உனக்கும் நெஞ்சு இருக்குய்யா" என்றார்.

"ஜார்லத்" என்றாள் அம்மா. "இது என் வீடு."

"உன் வீடுதான் நோரீன், நான் இல்லங்கல. ஆனா மேட்டி எதனால இந்தப் பெட்டிக்குள்ள படுத்திருக்கார்னு எல்லாருக்கும் தெரியும். கோல் நல்ல கோல்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நாளைக்கு எழுத்துலயும் வரும்."

மாலக்கி கையை மடக்கிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "நான் கிளம்பறேன் நோரீன்" என்றார்.

"உட்காருங்க மாலக்கி" என்றாள் கிரான்யா. கையில் கோப்பை இருந்தது, எப்போது ஊற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. "துக்க வீட்ல டீ குடிக்காம யாரும் போகக் கூடாது. ஜார்லத், நீங்களும் கேளுங்க. அப்பா என்ன சொல்லிட்டுப் போனார்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டில ஏறினதும் சொன்ன முதல் வார்த்தை, 'உள்ள இருந்தான்.'"

வரிசையில் நின்றவர்கள் ஜார்லத் பக்கம் திரும்பினார்கள்.

"மேட்டி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு" என்றார் ஜார்லத். "சொந்தப் பையன்."

"நான்தான் வண்டி ஓட்டினேன். நீங்க இல்ல. சதுரத்துக்குள்ள ஒரு கால் இருந்துச்சுன்னார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல போய்க் கேட்க நெஞ்சு வேணும்னார். இன்னும் சொன்னார். முதல் பாதியில காத்து நம்ம முதுகுல இருந்துச்சு, அப்பவும் பந்தை வெளிய வெளியன்னு அடிச்சுத் தொலைச்சதைப் பத்தி இனி ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான், விசிலைத்தான் பேசுவானுங்கன்னார். கேட்டுட்டுத்தான் இருக்கேன், காலையிலேர்ந்து. ஒருத்தர்கூடத் திறக்கல."

கிளோனாராவுக்கு ஃப்ரீ கிக் அடிக்கும் டோனல் தன் ஷூவைப் பார்த்தான்.

"எழுதணும்னா இதை எழுதித் தரேன். அயர்லாந்துப் பேப்பர்லயே எழுதித் தரேன். அப்பா வாயில பொய்யை வைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க."

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சினார். "அது மேட்டிதான்" என்றார். "சத்தியமா அது மேட்டிதான். ஒரு தடவை என்னோட பாயின்ட்டயே இல்லன்னுட்டான், படுபாவி. பந்து வெளியதான் போச்சு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அறையைச் சுற்றி வருவதற்குள் பின்கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பெட்டியின் கால்மாட்டில் ரோனன் இல்லை.

கோப்பையை மாலக்கியின் கையில் திணித்துவிட்டு கிரான்யா போனாள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வெட்டிய புல்வெளியில் அவன் நின்றுகொண்டிருந்தான். மழை நின்று மேற்கே கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. புதுக் கறுப்பு ஷூ முழுக்கச் சேறு. அவள் வருவது தெரிந்தும் திரும்பவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா அதை?"

"ஜார்லத் அப்பா பேர்ல..."

"ஜார்லத் நாசமாப் போகட்டும். ரெண்டு நாளா உன்கிட்ட கேட்டுட்டிருக்கேன். களைப்பா இருந்தார்னு சொன்ன. எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த மூச்சு வீணாகப் போனது. குதிகாலால் புல்லைக் கிளறினான். ஒரு கோடு. அதிலிருந்து இன்னொரு கோடு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சதுரம் போடுகிறான்.

"எந்தக் கால்னு சொன்னாரா?"

"இடது."

கோட்டருகே போய் நின்றான். இடது காலைத் தூக்கி வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "பந்து அங்கேர்ந்து வருது. நான் இங்க. கீப்பர் என் சட்டையைப் பிடிச்சு இழுக்கறான், அதை எந்த ஃபான்ஸியும் பார்க்கல. கால் கோட்டு மேலயா, கோட்டுக்கு உள்ளயா? என்ன சொன்னார்?"

"டேய், எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்துல நான் சிப்ஸ் வாங்க வரிசையில நின்னுட்டிருந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். "நீ கோலைப் பார்க்கவே இல்லையா?"

"சத்தம் கேட்டுச்சு."

"நாப்பது வருஷத்துல ஊருக்கு முதல் ஃபைனல். கடைசி நிமிஷம். உன் சொந்தத் தம்பி. நீ சிப்ஸ் வாங்கிட்டிருந்த."

"வினிகர்கூடப் போடல. எல்லாரும் ஓடி வந்து தட்டி விட்டுட்டாங்க."

அவனுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறொன்றாகி, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொட்டகைக்குள் மாடுகள் அசைபோடும் சத்தம் வந்தது.

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்றான், திரும்பாமலே.

"சொன்னார். அந்த வளைவு வந்ததும் டேஷ்போர்டை ஒரு தட்டு தட்டினார். நான் பயந்தே போயிட்டேன். 'அந்தப் பந்துக்கு எழும்பினவன் அவன் ஒருத்தன்தான்'னார். 'ஆர்ட்கில்காரன் மூணு பேர் வாயைப் பொளந்து பார்த்துட்டிருந்தானுங்க. மொத்த மைதானத்துலயும் எழும்பினது எம்மவன். அரை வினாடி முன்னாடி எழும்பிட்டான். அரை வினாடி பின்னாடி எழும்பறவன்தான் இந்த ஊர் பூரா இருக்கான்.' வீடு வர்ற வரைக்கும் இதையே சொல்லிட்டு வந்தார். நாளைக்கு உன்கிட்டச் சொல்லணும்னு ஒத்திகை பார்த்த மாதிரி."

ரோனன் சதுரத்தின் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தான்.

"பாதி அடிதான் இருக்கும்" என்றான். "அதுக்கு மேல இருக்காது."

"ஒரு கால்னார்."

"என் கால் பெரிசு."

புதன்கிழமை காலை தேவாலயத்திலிருந்து கல்லறை வரை சாலையின் இரண்டு பக்கமும் சங்கத்துக்காரர்கள் நின்றார்கள், அணியின் நீல மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றி. ஆர்ட்கில்லிலிருந்தும் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து, தங்கள் நிறத்தை வெளியே காட்டாமல் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்கள். ஜார்லத் வந்து, கல்லறையில் பேசுவதற்கு எழுதி வைத்திருந்ததைக் கொஞ்சம் சுருக்கிவிட்டதாகக் கிரான்யாவிடம் சொன்னார். நல்லது என்றாள். ஆட்சேபணை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெட்டியைத் தேவாலய வாசலுக்குக் கொண்டுவந்ததும் சவ அடக்கக்காரர் ஆட்களை உயரம் பார்த்து நிறுத்தத் தொடங்கினார். உயரம் ஒத்துவராவிட்டால் பெட்டி சாயும். கிரான்யா நடுவில் நிற்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். பெண்கள் தூக்குவது வழக்கமில்லையே என்று ஆரம்பித்த பெரியப்பாவை அவள் பார்த்த பார்வையில் அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முன்னால் ஒரு பக்கம் ரோனன். அவனுக்கு ஜோடி கிடைக்கவில்லை. பெரியப்பா மகன் அவன் தோளுக்குக் கீழே இருந்தான். டோனலும் குட்டை.

ரோனன் கூட்டத்தைப் பார்த்தான். சாலையின் எதிர்ப்பக்கம், மரத்தடியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாலக்கி நின்றிருந்தார். பக்கத்தில் ஃபான்ஸி, தடித்த கண்ணாடியோடு.

"மாலக்கி" என்றான் ரோனன், மைதானத்தில் பந்து கேட்கிற குரலில். "இங்க வாங்க. உங்க உயரம்தான் சரி."

வரிசை முழுக்க ஒரு அசைவு ஓடியது. மாலக்கி தொப்பியை ஃபான்ஸியிடம் கொடுத்தார். சாலையைக் கடந்து வர ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. வந்து குனிந்தார். ரோனனும் குனிந்தான். ஒருவர் தோள் மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள், அப்படித்தான் தூக்க முடியும். சவ அடக்கக்காரர் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து எழுந்தார்கள். பெட்டி மட்டமாக நின்றது.

கிரான்யாவின் தோளில் எடை இறங்கியது. அவள் நினைத்ததைவிட அதிகம். முன்னால் இரண்டு உயரமான முதுகுகள் தெரிந்தன. பாதி வழியில் மாலக்கி தலையைச் சாய்த்து என்னவோ கேட்டார். "பாதி அடி" என்று ரோனன் சொன்னது மட்டும் அவளுக்குக் கேட்டது. மாலக்கி இல்லை என்று தலையாட்டினார். ரோனன் ஆமாம் என்று ஆட்டினான். பெட்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நேரானது. பக்கத்து வரிசையில் ஜார்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

கல்லறையில் இறக்கி வைத்ததும் ரோனன் நிமிர்ந்து நின்றான். அவனுடைய புதுக் கோட்டின் தோள்பட்டையில், மாலக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த இடம், ஒரு கை அளவுக்குக் கசங்கியிருந்தது. அதை நீவிவிட கிரான்யா கையைக் கொண்டுபோனாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.